பயத்துக்கு முகவரி தப்பு

ஜாம்பியாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பார்க்க என்று சொல்லுங்கள், தாமிரச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள், காரணம் எதுவானாலும் சரி. அம்மா, "ஆப்பிரிக்காவா? வேற ஊரே கிடைக்கலையா?" என்பார். மாமா சிங்கத்தைப் பற்றிப் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு எய்ட்ஸ் பற்றிப் பேசுவார். ஆபீஸில் யாராவது ஒருவர், "பார்த்து சார், கத்தியைக் காட்டிப் புடுங்கிடுவானுங்க" என்று அனுபவசாலி மாதிரி சொல்வார். அவர் அதிகபட்சம் ஆந்திரா தாண்டியிருக்க மாட்டார்.

கொசுவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ராத்திரி நேரத்து லாரிகளைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் இருமல் மருந்தே உங்களைப் போலீசில் மாட்டிவிடலாம் என்று எச்சரிக்க ஒரு ஆள் இருக்காது.

பயப்படுவது தப்பில்லை. பயம் நல்ல காவல்காரன். ஆனால் நம் காவல்காரன் இருக்கிறானே, கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் நின்று போகிற வருகிறவனை எல்லாம் முறைத்துக்கொண்டிருக்கிறான். நமக்குக் கறுப்பு மனிதரைப் பார்த்தால் பயம். கொசுவைப் பார்த்தால் பயமில்லை. இந்த வாரம் சண்டை அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த "ஆப்பிரிக்கா"வை முடித்துவிடுவோம். அது ஒரு ஊர் இல்லை சார், 54 நாடுகள் உள்ள ஒரு கண்டம். சோமாலியாவில் குண்டு வெடித்தால் ஜாம்பியாவுக்கு டிக்கெட் கேன்சல் செய்வது, காபூலில் கலவரம் என்று கேட்டுக் கும்பகோணத்தில் கல்யாணத்தை நிறுத்துவது போல. ஜாம்பியாவைச் சுற்றி 8 நாடுகள். அங்கோலா, காங்கோ, மொசாம்பிக், ஜிம்பாப்வே என்று அவற்றில் பல யுத்தத்தில் வெந்தவை. நடுவில் இருக்கும் ஜாம்பியா 1964 அக்டோபர் 24-ல் சுதந்திரம் பெற்றதிலிருந்து ஒரு உள்நாட்டுப் போரைக்கூடப் பார்த்ததில்லை. பக்கத்து நாடுகளிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு இடம் கொடுத்தது. 27 வருடம் ஆண்ட கென்னத் கவுண்டா 1991-ல் தேர்தலில் தோற்றார். தோற்றதும் பதவியை விட்டு இறங்கிப் போனார். 2011-லும் 2021-லும் ஆளுங்கட்சி தோற்றது. அப்போதும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது.

நம் பக்கம் என்ன நடந்தது? 2016-ல் பெங்களூரில் ஒரு கார் விபத்து. ஓட்டியவர் சூடான் நாட்டுக்காரர். அந்தப் பக்கமாக வந்த, விபத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டான்சானிய மாணவியை ஒரு கூட்டம் அடித்தது. அதே வருடம் மே மாதம் டெல்லியில், ஆட்டோ பிடிப்பதில் வந்த தகராறில் ஒரு காங்கோ நாட்டுக்காரரை அடித்தே கொன்றார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் நைஜீரிய மாணவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். லுசாகாவிலோ லாகோசிலோ ஒரு அம்மா தன் பிள்ளையிடம் "இந்தியாவா? வேற ஊரே கிடைக்கலையா?" என்று கேட்டால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ஜாம்பியா பக்கமாக இருக்கும் ஊரின் பெயர் லிவிங்ஸ்டன். ஸ்காட்லாந்திலிருந்து வந்த டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பாதிரியாரின் பெயர். பாதிரியார் மட்டுமல்ல, டாக்டரும்கூட. இளவயதில் ஒரு சிங்கம் அவரது தோளைக் கவ்வி எலும்பை நொறுக்கியது. பிழைத்துக்கொண்டார். ஆகவே, சிங்கம் அவரைக் கொல்லவில்லை. உள்ளூர் மக்களும் கொல்லவில்லை. 1867 ஜனவரியில் சுமைதூக்க வந்தவர்கள் ஓடிப்போனபோது அவரது மருந்துப் பெட்டியும் சேர்ந்து போய்விட்டது. உள்ளே இருந்தது குயினைன். தனக்கு மரண தண்டனை எழுதப்பட்டுவிட்டது போல உணர்ந்தார் அந்த டாக்டர். அப்புறம் உடம்பு படிப்படியாக விழுந்தது. 1873 மே 1-ம் தேதி, இன்றைய ஜாம்பியாவில் சிட்டாம்போ என்ற கிராமத்தில் இறந்தார். காரணம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு. அவர் மனைவி மேரி அதற்கு 11 வருடம் முன்பே, 1862-ல், ஜாம்பேசி ஆற்றங்கரையில் மலேரியாவில் போய்விட்டார்.

லிவிங்ஸ்டனின் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலைப் பக்குவப்படுத்தி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகக் கடற்கரை வரை சுமந்து சென்றவர்கள் யார் தெரியுமா? சூசி, சூமா என்ற இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும். நாம் எந்த மனிதரைப் பார்த்து மிரளுகிறோமோ அந்த ஆப்பிரிக்க மனிதர்கள்தான். எதைக் கண்டு பயப்பட வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது எங்கே? செகந்திராபாத்தில். 1897 ஆகஸ்ட் 20. நம் ஊரில் நடந்த கண்டுபிடிப்பு. ஆனால் நாம்தான் மலேரியா மாத்திரை போடாமல் விமானம் ஏறுகிறோம். 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 26 கோடிப் பேரை மலேரியா பிடித்தது. ஏறக்குறைய 6 லட்சம் பேர் செத்தார்கள். அதில் சுமார் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே செத்தவர்களில் முக்கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

"நமக்கு மலேரியா பழகிப்போச்சு சார், சின்ன வயசுல வந்திருக்கு" என்பார்கள். இதுதான் முதல் மூடநம்பிக்கை. சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. போட்டுப் படுத்தும், பெரும்பாலும் பிழைக்கவிடும். ஜாம்பியாவில் வருவது பெரும்பாலும் ஃபால்சிபேரம். மூளையைத் தாக்குகிற வகை. காய்ச்சல் ஆரம்பித்து 24 மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிப் போகலாம். அங்கேயே பிறந்து வளர்ந்து, திரும்பத் திரும்பக் கடிபட்ட பெரியவர்களுக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். அதுவும் ஊரை விட்டு வந்தால் குறைந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் அது கிடையவே கிடையாது. அந்தக் கொசுவுக்கு நாம் புத்தம்புது விருந்தாளி.

இரண்டாவது மூடநம்பிக்கை, "போகும்போது நாலு குளோரோகுயின் வாங்கிட்டுப் போனா போதும்." அந்த மாத்திரையை அங்கத்தி ஃபால்சிபேரம் என்றோ ஜெயித்துவிட்டது. ஜாம்பியா அரசாங்கமே 2002-ல் சிகிச்சைக் கொள்கையை மாற்றி ஆர்ட்டெமிசினின் சேர்ந்த கூட்டு மருந்துக்குப் போய்விட்டது. நம் சித்தப்பாக்கள் மட்டும் இன்னும் குளோரோகுயினிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, நிலவேம்புக் கஷாயம். எனக்குக் கஷாயத்தோடு எந்தப் பகையும் இல்லை. பிடித்தால் குடியுங்கள். ஆனால் அது ஃபால்சிபேரத்தைத் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜாம்பேசி கரையில் சாயங்காலம் அரை டிராயரோடு உட்காராதீர்கள். ஹோமியோபதி உருண்டைக்கும் இதே பதில்தான்.

என்ன செய்ய வேண்டும்? கிளம்புவதற்குக் குறைந்தது நாலைந்து வாரம் முன்பு டாக்டரைப் பாருங்கள். மூன்று மருந்துகள் உண்டு. டாக்சிசைக்ளின் தினமும் ஒன்று, திரும்பி வந்தபின் நாலு வாரம் வரை. அட்டோவகுவோன்-புரோகுவானில் தினமும் ஒன்று, திரும்பி வந்து ஒரு வாரம் வரை. மெஃப்லோகுவின் வாரத்துக்கு ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பித்து, திரும்பியபின் நாலு வாரம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் கூடாது. மனநலப் பிரச்னையோ வலிப்போ இருந்தவர்களுக்கு மெஃப்லோகுவின் கூடாது. மருந்துக்கடைப் பையனிடம் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு போடாமல் இருக்க முடியாது. பத்து நாள் பயணம். டாக்சிசைக்ளின் போவதற்கு முதல் நாள் 1, அங்கே 10, வந்தபின் 28. மொத்தம் 39. ஒன்று பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 390 ரூபாய். ஏர்போர்ட்டில் இரண்டு காபி குடிக்கிற காசு. விமானத்துக்கு லட்சம் ரூபாய் கொட்டுகிறவர், ரூம் வாடகையை டாலரில் கொடுக்கிறவர், இந்த 390 ரூபாயில் மிச்சம் பிடிக்கிறார். இதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

மாத்திரை போட்டால் போதாது. மலேரியாக் கொசு சாயங்காலம் முதல் விடியும் வரை கடிக்கிற ஜாதி. முழுக்கை சட்டை, வெளியில் தெரிகிற தோலில் டீட் கலந்த களிம்பு, மருந்து தோய்த்த வலைக்குள் தூக்கம். "வலைக்குள்ள புழுக்கமா இருக்கு" என்று புலம்புகிறவர்கள், ஐ.சி.யூ.வில் ஏ.சி. நன்றாகவே இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

மிக முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது. ஊர் திரும்பிவிட்டீர்கள். போட்டோவெல்லாம் காட்டியாகிவிட்டது. மூன்றாவது வாரம் காய்ச்சல். தெருமுனை டாக்டர் "வைரல் ஃபீவர், ஊரெல்லாம் இருக்கு" என்று பாராசிட்டமால் எழுதுகிறார். அல்லது டெங்கு டெஸ்ட்டுக்கு அனுப்புகிறார். நீங்கள் ஜாம்பியா போய்வந்ததை அவர் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கடிபட்ட ஏழு நாளிலிருந்து மூன்று மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும்கூட, அந்தக் காய்ச்சல் வரலாம். மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் வர வாய்ப்புண்டு. ஆகவே ஒரு வருடத்துக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியம், "நான் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்க." ஒரு டெஸ்ட்டில் இல்லை என்று வந்தாலும் மறுநாள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது உங்கள் பெட்டி. ஊறுகாய், பருப்புப்பொடி, அப்பளம், கூடவே ஒரு டப்பா நிறைய மாத்திரைகள். அட்டையிலிருந்து பிய்த்து எடுத்தது, பெயர் தெரியாதது, போன தீபாவளிக்கு மாமனாருக்கு வாங்கியதில் மிச்சம். ஜாம்பியாவில் இந்த விளையாட்டு ஆகாது. டைஃபென்ஹைட்ரமின் என்ற மருந்துக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. எதில் இருக்கிறது அது? பெனட்ரில் போன்ற சாதாரண சளி, இருமல், அலர்ஜி மருந்துகளில். அமெரிக்கப் பயணிகள் சிலர் இதை வைத்திருந்ததற்காகவே பிடித்து வைக்கப்பட்டு, அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. கோடீன் கலந்த சிரப்பும் ஆபத்து. நம் ஊரில் பெட்டிக்கடைக்கு அடுத்தபடி சுலபமாகக் கிடைப்பது இருமல் சிரப். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றாதீர்கள். தேவையான மருந்தை மட்டும், கம்பெனி அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். சுகர், பிரஷர் மாத்திரை நாள் கணக்குக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கையில் வைத்திருக்கும் பையில்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இன்னொரு தலைவலி. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத்தான் நம்மவர்கள் பலர் போகிறார்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். வழியில் இறங்கி ஏறினாலே கேள்வி வரும். சான்றிதழ் இல்லாமல் அப்படிப்பட்ட நாட்டிலிருந்து இந்தியா திரும்பினால் நம் அதிகாரிகளே உங்களை 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லுபடி. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடிப்போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

தண்ணீரைப் பற்றி நமக்கு ஓர் இளக்காரம் உண்டு. "அங்கெல்லாம் காலரா." உண்மைதான். 2023 அக்டோபரில் ஆரம்பித்த காலராவில் ஜாம்பியாவில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லுசாகாவின் பெரிய கால்பந்து மைதானமே ஆஸ்பத்திரி ஆனது. பள்ளிக்கூடத் திறப்பு தள்ளிப்போனது. செத்தவர்கள் ஹோட்டலில் தங்கியவர்கள் அல்ல. கழிப்பறைக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நெரிசலான குடியிருப்புகளின் ஏழைகள். இளக்காரமாகப் பேசுவதற்கு முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1817-ல் முதல் உலகக் காலரா கிளம்பியது வங்காளத்திலிருந்து. உலகத்துக்குக் காலராவை ஏற்றுமதி செய்தவர்கள் நாம். மூடியைத் திருகும்போது 'டிக்' என்று சத்தம் வருகிற பாட்டில் தண்ணீர் அல்லது கொதிக்கவைத்த தண்ணீர் குடியுங்கள். ஐஸ் வேண்டாம். சூடான சாப்பாடு சாப்பிடுங்கள். மக்காச்சோள மாவில் களி மாதிரி கிண்டிய என்ஷிமா, நிலக்கடலை போட்ட கீரை. கையால்தான் சாப்பிடுவார்கள், சாப்பிடும் முன் கை கழுவத் தண்ணீர் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கரீபா ஏரிக்கரையில் தேங்கிய தண்ணீரில் மட்டும் காலை நனைக்காதீர்கள். நத்தையில் வளரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும்.

சாலைக்கு வருவோம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். அதனாலேயே நமக்கு அசட்டுத் தைரியம். ஊருக்கு வெளியே ராத்திரியில் விளக்கில்லாத லாரி நிற்கும். பிரேக்டவுன் ஆகிவிட்டது என்பதற்கு அடையாளமாக நாலு மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டிருப்பார்கள். நம் ஊர் டெக்னிக்தான். கிளை கண்ணில் படுவதற்கும் லாரி நெற்றியில் படுவதற்கும் இடையே சில விநாடிகள்தான். மாடு, ஆடு, நடந்து போகிறவர்கள், சில இடங்களில் யானை. இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போகாதீர்கள். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் மட்டும் 1,68,491 பேர் செத்த நாட்டிலிருந்து போகிறோம். அந்த வருடம்தான் சைரஸ் மிஸ்திரி காரின் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இறந்தார். சிங்கம் சிங்கம் என்று பேசுகிற மாமாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

மிருகங்களைப் பற்றிச் சுருக்கமாக. வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் குறுக்கே போகாதீர்கள். முதலை உள்ள ஆற்றில் துணி துவைக்கிற மாதிரி குனியாதீர்கள். செல்ஃபி எடுக்க யானை சம்மதிக்காது. தீர்ந்தது விஷயம்.

திருட்டு கிடையாதா? உண்டு. லுசாகாவில் கெய்ரோ ரோடு பக்கம், பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் உண்டு. சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடி வழியே பையை இழுப்பது உண்டு. ராத்திரி தனியாக நடக்காதீர்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏ.டி.எம்.மில் பணத்தை எண்ணிக்கொண்டே வெளியே வராதீர்கள். யோசித்துப் பாருங்கள், கோயம்பேட்டில் உங்கள் தங்கைக்கு நீங்கள் சொல்கிற அறிவுரைதானே இது? எய்ட்ஸும் அப்படித்தான். பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு ஹெச்.ஐ.வி. உள்ள நாடு அது. ஆனால் கை குலுக்கினால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ஒழுக்கமும் ஆணுறையும் உங்கள் கையில். ஊசி குத்தியோ விபத்திலோ சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டும்படி இறங்கியதற்கு 2001-ல் வழி திறந்தது சிப்லா என்ற இந்தியக் கம்பெனி. பெருமைப்பட வேண்டியதை விட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கிறோம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். ஏஜென்ட் "சும்மா ஒரு பாலிசி போட்டுக்குங்க, விசாவுக்குக் கேட்பான்" என்பார். சும்மா ஒரு பாலிசியால் சும்மாதான் பிரயோஜனம். பெரிய சிக்கல் என்றால் நோயாளியை ஜோகன்னஸ்பர்க்குக்குத் தனி விமானத்தில் தூக்கிப்போக வேண்டியிருக்கும். செலவு பல்லாயிரம் டாலர். உங்கள் பாலிசியில் அது உண்டா? சின்ன எழுத்தைப் படித்தீர்களா? விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. உயரம் 111 மீட்டர். 2011 டிசம்பர் 31 அன்று ஓர் ஆஸ்திரேலியப் பெண் குதித்தபோது கயிறு அறுந்தது. ஜாம்பேசியில் விழுந்து, எப்படியோ கரையேறிப் பிழைத்தார். இந்த மாதிரி சாகசமெல்லாம் பல பாலிசிகளில் சேராது. குதிப்பதும் குதிக்காததும் உங்கள் இஷ்டம், பாலிசியைப் படித்துவிட்டுக் குதியுங்கள்.

சுற்றுலாப் போகிறவராவது காசுள்ளவர். படித்துத் தெரிந்துகொள்வார், அல்லது காசு கொடுத்துத் தப்பிப்பார். என் கோபமெல்லாம் ஒப்பந்த வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் மேல். ஃபிட்டர், வெல்டர், டிரைவர் என்று இங்கிருந்து கூட்டிப் போகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பத்து தடவை சரிபார்க்கிறார்கள். கமிஷனை ரூபாய் சுத்தமாக எண்ணுகிறார்கள். மலேரியா என்று ஒரு வார்த்தை? கொசுவலை ஒன்று? தமிழில் ஒரு பக்கத் துண்டுக் காகிதம்? வருஷக்கணக்கில் அங்கே இருக்கப் போகிற ஆள், காய்ச்சல் வந்த அன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்பதைக்கூட எவரும் சொல்லாமல் அனுப்புவது என்ன நியாயம்? அவர் குடும்பம் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறது. ஒரு மனிதரை நம்பி நாலு பேர் இங்கே காத்திருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலிருந்து யாராவது ஜாம்பியாவுக்குக் கிளம்பினால், தயவுசெய்து சிங்கக் கதை சொல்லாதீர்கள். அந்த ஊர் மனிதர்களைப் பற்றித் தெரியாத கதையும் சொல்லாதீர்கள். மாத்திரை வாங்கியாச்சா, வலை வாங்கியாச்சா, பாலிசியைப் படிச்சாச்சா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். லிவிங்ஸ்டனின் மருந்துப் பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாம் 390 ரூபாய்க்கு யோசித்து, வாங்காமலேயே விமானம் ஏறுகிறோம். பாவம், அவருக்காவது ஒரு காரணம் இருந்தது.